நான்கு சக்கர விசுவாசமும் தென்னேரிப் பனியும்

என்னிடம் கார் கிடையாது. ஓட்டவும் சுமாராகத்தான் தெரியும். ஆனாலும் ஒரு கார் கம்பெனிக்காக எட்டு வருஷம் ஊரெல்லாம் சண்டை போட்டிருக்கிறேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்தக் கம்பெனியின் பெயரை மட்டும் இங்கே எழுதமாட்டேன். எட்டு வருஷம் நெஞ்சில் சுமந்து ஓசியில் விளம்பரம் செய்தது போதும்.

கம்பெனி எப்படி என் நெஞ்சில் ஏறியது என்று சொல்லிவிடுகிறேன். நான் காஞ்சிபுரத்தில் பட்டுப் புடவைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவன். அப்பா வீட்டிலேயே தறி வைத்து நெய்கிறவர். ஒரு நாள் டி.வி.யில் சேனல் மாற்றும்போது ஏதோ ஒரு வெளிநாட்டு ஊரின் கால்பந்து அணி ஓடிக்கொண்டிருந்தது. அரக்கு உடம்பு, மாம்பழ மஞ்சள் கை. முகூர்த்தப் புடவைக்கு நாங்கள் போடுகிற அதே சேர்மானம். தறியில் உட்கார்ந்திருந்த அப்பாகூட எட்டிப் பார்த்து, "கோர்வை நல்லா ஒக்காந்துக்கினு இருக்குதேடா, எந்தத் தறியில நெஞ்சது?" என்று கேட்டார். (உடம்பையும் பார்டரையும் தனித்தனி நிறத்தில் நெய்து கோப்பதுதான் கோர்வை. அப்பாவுக்கு உலகத்தில் உள்ள எல்லாத் துணியும் ஏதோ ஒரு தறியில் கோர்வை போட்டதுதான்.) அவ்வளவுதான், நான் அந்த அணியின் அடிமையானேன். மற்றவர்கள் ஆட்டத்தைப் பார்த்து அணியைப் பிடிப்பார்கள், நான் பார்டரைப் பார்த்துப் பிடித்தேன்.

அந்தச் சட்டையின் நெஞ்சில்தான் கார் கம்பெனியின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. அவர்களுடைய கார்களில் நான்கு சக்கரங்களும் இழுக்குமாம். மலை ஏறும், ஆறு தாண்டும், பனியில் சறுக்காது. ஊரில் எங்கள் ரசிகர் மன்றத்தில் ஆறு பேர். நாலு பேருக்கு லைசென்ஸே கிடையாது. ஆனாலும் நான்கு சக்கர இழுவையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் டீ ஆறி ஆடை கட்டிவிடும். ஒருவன் "நாலு சக்கரம்!" என்று கத்தினால், மற்றவர்கள் "நாலும் நமக்கே!" என்று பதில் கொடுக்க வேண்டும். இதுதான் எங்கள் கோஷம். (இப்போது எழுதும்போதே காது சூடாகிறது.)

எதிரி அணியின் நெஞ்சில் இன்னொரு கார் கம்பெனி. அந்தக் கம்பெனியின் காரில் நான் ஏறுவதில்லை. பெரியப்பா மகன் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக் காரே அந்தக் கம்பெனி என்று தெரிந்து, நாதஸ்வரக்காரர்களோடு நடந்தே மண்டபம் போய்ச் சேர்ந்தேன். "பையனுக்கு சங்கீத ஞானம்" என்று உறவுக்காரர்கள் பெருமைப்பட்டுக்கொண்டார்கள்.

ஒவ்வொரு வருஷமும் புதுச் சட்டை வாங்குவேன். முதுகில் என் பெயர் சரவணன், கீழே பத்து என்ற எண். பழையவை ஏழும் பெட்டியில் ரசகற்பூர உருண்டைகளோடு தூங்கிக்கொண்டிருந்தன. ஒரு நாள் திறந்து பார்த்தால் உருண்டைகள் மட்டும் இருந்தன.

"கொரங்கு தூக்கிக்கினு போச்சுபா" என்றாள் அம்மா.

"ஏழையுமா?"

"ஏழு கொரங்கு வந்துச்சு."

கோயில் ஊரில் குரங்கின் மேல் என்ன பழி போட்டாலும் நம்பலாம். நானும் நம்பினேன், இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

இந்த லட்சணத்தில் எனக்குப் பெண் பார்த்தார்கள். நான்கு இடம் வந்து, பையன் பந்து பைத்தியம் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, சத்தமில்லாமல் போயின. ஐந்தாவது தென்னேரி ஏகாம்பரம் அவர்களின் மகள் யமுனா. எங்கள் ஆட்கள்தான். ஏகாம்பரத்தின் அப்பா காலத்திலேயே தறியை விட்டுவிட்டு ஏரிக்குக் கீழே நிலம் வாங்கிப் பயிர் வைக்கப் போய்விட்டார்கள். யமுனாவோடு ஒரே ஒரு முறை போனில் பேசினேன். நான் சொன்ன எதற்கோ சிரித்தாள். சிரித்து முடித்த பிறகும் ஒரு சின்ன மிச்சச் சிரிப்பு வந்தது. அந்த மிச்சம் மூன்று நாள் என் காதிலேயே இருந்தது. இந்தப் பெண் கிடைக்காவிட்டால் எனக்கு வேறு யாரும் வேண்டாம் என்று தோன்றியது. கால்பந்தைத் தவிர வேறொன்றுக்காக நான் அப்படிப் பயந்தது அதுதான் முதல் தடவை.

தை மாதம், திங்கட்கிழமை. ஏழரைக்கு ராகு காலம், அதற்குள் அவர்கள் வீட்டுக்குள் கால் வைத்துவிட வேண்டும். "ஏழர தாண்டிச்சின்னா அப்படியே திரும்பிப் போயிடலாம். அந்த மனுஷன் நேரங்காலம் பாக்கறவரு" என்று அம்மா எச்சரித்திருந்தாள். ஐந்தே முக்காலுக்கு வாசலில் வாடகைக் கார் வந்து நின்றது. எதிரி கம்பெனிக் கார்.

நான் அதைத் திருப்பி அனுப்பினேன்.

நிதானமாக யோசித்துத்தான் அனுப்பினேன். அதை நினைத்தால்தான் இப்போதும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. வாழ்க்கையின் முக்கியமான நாளில் எதிரியின் சீட்டில் உட்கார்ந்து போனால் விளங்குமா என்று கேட்டேன். அப்பா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டார். எங்கள் மன்றத்து அஸ்லமிடம் நம் கம்பெனியின் பழைய கார் ஒன்று இருந்தது. எழுப்பி, சாவி வாங்கி வந்தேன்.

"நாலு சக்கரமும் இழுக்குமா மச்சான்?"

"பின்னாடி ஸ்டிக்கர் ஒட்டிக்கினு இருக்குது பாரு. சும்மாவா ஒட்டுவான்?"

ஐயம்பேட்டை தாண்டும் வரை பனி சாதாரணமாக இருந்தது. வாலாஜாபாத் தாண்டியதும் கண்ணாடிக்கு முன்னால் உலகம் முடிந்துபோனது. தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். அன்று இருந்த வழியும் போய்விட்டது. எதிரே வண்டி இல்லை, பின்னாலும் இல்லை. எங்கோ ஒரு சேவல் கூவியது, இடது பக்கமா வலது பக்கமா என்று சொல்ல முடியவில்லை. மணி ஆறே முக்கால்.

"ரோட்டு மேலயே போடா" என்றார் அப்பா.

நேரமில்லை. ஏரிக்கரைக்குக் கீழே ஒரு மண்பாதை போகும், குறுக்குவழி. நான்கு சக்கர இழுவை வண்டி எதற்கு இருக்கிறது? இறக்கினேன். கரை ஒரு பக்கம் கறுப்பாக உயர்ந்து கூடவே வந்தது. தண்ணீர் கசியும் சத்தம் மட்டும் கேட்டது. மேப் பார்த்தேன். எங்கள் நீலப் புள்ளி ஏரிக்கு நடுவில் நின்றிருந்தது.

அம்மா பின் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இது தண்ணிதான? நாம தண்ணிக்குள்ளயாடா இருக்கறோம்?"

"சிக்னல் இல்லமா."

"செத்துப்போனாலும் சிக்னல் இருக்காதுபா" என்றாள். சிரிக்கவில்லை.

அடுத்த வளைவில் வண்டி சேற்றில் இறங்கியது. ஆக்சிலேட்டரை மிதித்தேன். உறுமியது, புகைந்தது, அங்கேயே நின்றது. அப்பா இறங்கிக் குனிந்து நான்கு சக்கரங்களையும் நிதானமாகப் பார்த்தார். நூல் அறுந்தால் எந்த இழை என்று தேடுகிற அதே பார்வை.

"முன்னாடி ரெண்டுதான்டா சுத்துது. பின்னாடி ரெண்டும் சும்மா கூட வருது."

"நாலும் இழுக்கும்பா. ஸ்டிக்கர்..."

"பின்னாடி ரெண்டும் உன்ன மாதிரிடா. எவனோ இழுக்கறான், இது நம்பிக்கினு பின்னாலயே போவுது."

எட்டு வருஷ விசுவாசத்தை ஒரு நெசவாளி இரண்டு வரியில் அறுத்துப் போட்டுவிட்டார். மணி ஏழு. வெள்ளைச் சட்டையில் சேறு படக் கூடாது என்று கழற்றி அம்மாவிடம் கொடுத்தேன். உள்ளே எட்டாவது வருஷத்துச் சட்டை இருந்தது. (நல்ல காரியத்துக்குப் போகும்போது உள்ளே அதைப் போடுவது வழக்கம். இதற்கு மேல் கேட்காதீர்கள்.) வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, டிராக்டர் வைத்திருக்கும் யாரையாவது கூட்டி வருகிறேன் என்று நடந்தேன். பத்து அடியில் திரும்பிப் பார்த்தேன். கார் இல்லை. அம்மா முருகனைக் கூப்பிடுவது மட்டும் கேட்டது. இன்னும் பத்து அடியில் அதுவும் நின்றுபோனது.

பாதையை விட்டுக் கடலைக் கொல்லைக்குள் ஏறிவிட்டேன் என்று காலுக்குத்தான் முதலில் தெரிந்தது. நிமிர்ந்தேன்.

பனிக்குள் ஆட்கள் நின்றிருந்தார்கள். அரக்கு உடம்பு, மஞ்சள் கை. ஒருவர் அல்ல, வரிசையாக ஏழெட்டுப் பேர், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையை அகல விரித்துக்கொண்டு.

பயந்திருக்க வேண்டும், இல்லையா? எனக்குச் சந்தோஷம் பொங்கியது! தென்னேரியிலும் நம் அணிக்கு மன்றம் இருக்கிறது, காலையில் உடற்பயிற்சி செய்கிறார்கள், நம் ஆட்கள் காரைத் தூக்கிவிடுவார்கள் என்று நினைத்தேன். வாயைக் குவித்து முழு மூச்சில் கத்தினேன்.

"நாலு சக்கரம்!"

யாரும் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கரைப் பக்கமிருந்து, மெதுவாக, "...க்கரம்" என்று ஒரு குரல் வந்தது. என் குரல்தான், ஆனால் கொஞ்சம் வயதானதாக இருந்தது.

கிட்டே போனேன். முதல் ஆளின் முதுகில் எழுதியிருந்ததைப் படித்தேன். சரவணன். பத்து.

அடுத்த ஆளின் முதுகு. சரவணன். பத்து.

மூன்றாவது முதுகின் ஓரத்தில் ஒரு கறை இருந்தது. அது எனக்குத் தெரிந்த கறை, ஒரு இறுதி ஆட்டத்தன்று நான் கொட்டிக்கொண்ட புளிக்குழம்பு. தலைகளைப் பார்த்தேன். கரிப்பானைகள், அவற்றில் சுண்ணாம்பால் கண் வரைந்திருந்தது. எல்லாம் நான். ஒவ்வொரு வருஷத்து நானும் வரிசையாக, பானைத் தலையோடு நின்றுகொண்டிருந்தேன். எண்ணினேன், எட்டு. ஒன்று மட்டும் வரிசையை விட்டுத் தள்ளி, என் பக்கம் முகத்தைத் திருப்பி நின்றது.

சரி, கார் உண்மையிலேயே ஏரிக்குள்தான் போயிருக்கிறது, நாங்கள் செத்துவிட்டோம் என்று முடிவு செய்தேன். அம்மா சரியாகத்தான் கேட்டாள். யமுனாவைப் பார்க்காமலே போய்விட்டேனே என்று நினைத்தேன். கூடவே, எதிரி கம்பெனிக் காரில் வந்திருந்தால் இந்நேரம் காபி குடித்துக்கொண்டிருப்பேன் என்றும் தோன்றியது. சாவுக்குப் பிறகும் புத்தி கொஞ்சம் வேலை செய்கிறது.

அப்போது காலடிச் சத்தம் கேட்டது. யாரோ வருகிறார்கள், மெதுவாக, கோல் ஊன்றி. ஓட வேண்டிய கால்கள் ஓடவில்லை. கைகள் மட்டும் தாமாக விரிந்துகொண்டன. ஊரோடு ஒத்து வாழ் என்று மூளை முடிவு செய்திருக்க வேண்டும். வரிசையின் கடைசியில் அசையாமல் நின்றேன்.

பனிக்குள்ளிருந்து ஒரு குரல் எண்ணியது. "ஒண்ணு... ரெண்டு... மூணு..." தினமும் எண்ணுகிறவர் போல, அக்கறை இல்லாமல் எண்ணியது. "ஆறு... ஏழு..." அங்கே ஒரு இடைவெளி. "எட்டு?" இன்னும் பெரிய இடைவெளி. "ஒம்போது."

மூச்சு வாங்கும் சத்தம். பிறகு மறுபடியும் முதலிலிருந்து, இப்போது கவனமாக, கோலால் ஒவ்வொன்றையும் தட்டித் தட்டி எண்ணினார். தள்ளி நின்றதை மட்டும் தட்டவில்லை, தூர இருந்தே எண்ணிக்கொண்டார்.

"ஒம்போது. முருகா."

கோல் முனை என் வயிற்றில் குத்தியது. அழுத்திப் பார்த்தது. "வைக்கோல் கணக்கா இல்லியே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அந்த மனிதர் முகத்தைக் கிட்டே கொண்டு வந்தார். போனில் வந்த குடும்பப் போட்டோவில் நான் பத்துத் தடவை பார்த்த முகம். பெண்ணின் அப்பா, ஏகாம்பரம்.

எங்கள் வீட்டில் மரியாதை சொல்லிக் கொடுத்துத்தான் வளர்த்தார்கள். அது இப்படி நேரங்கெட்ட நேரத்தில் வெளியே வரும் என்று யாருக்குத் தெரியும்?

"வணக்கம் மாமா" என்றேன். கையை மடக்காமலே சொன்னேன்.

அவர் கத்தவில்லை. கோலை விட்டுவிட்டு, கடலைச் செடிகள் மேல் மெதுவாக உட்கார்ந்தார். "பேசுது" என்றார். "யமுனா... பொம்ம பேசுதும்மா..."

ஒரு பெண் ஓடிவரும் சத்தம் கேட்டது. வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம்தான் என்று அப்புறம்தான் தெரிந்தது. பட்டுப் புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு பனியிலிருந்து வந்தவள், தரையில் உட்கார்ந்திருக்கும் அப்பாவைப் பார்த்தாள். ஒன்பது அரக்குச் சட்டைகளுக்கு நடுவில் ஒன்று மட்டும் நடுங்குவதைப் பார்த்தாள். எங்கள் பெண் பார்க்கும் படலத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை இது:

"கைய எறக்குங்க."

அவர்களுடைய டிராக்டர் காரை இழுத்து வந்தது. ஏழு இருபத்தெட்டுக்கு நாங்கள் மூவரும் சேற்றுக் காலோடு அவர்கள் வீட்டுக்குள் நுழைந்தோம். ராகு காலத்தை இரண்டு நிமிஷத்தில் ஜெயித்தும் பிரயோஜனமில்லை. ஏகாம்பரம் போர்வை போர்த்திக்கொண்டு, சுடு காபியை இரண்டு கையாலும் பிடித்தபடி, அப்பாவைப் பார்த்துப் பேசினார். என்னைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

"தப்பா நெனச்சிக்காதீங்க. கொல்லையில பொம்மையோட பொம்மையா நிக்கற புள்ளைக்கு எப்பிடிங்க பொண்ணு குடுக்கறது? அதுல பொம்ம மேல எல்லாம் அவரு பேரு வேற எழுதிக்கினு இருக்குது. எங்க குடும்பத்துக்கு யாராச்சும் எதாச்சும் வெச்சிட்டாங்களோன்னு பயமா இருக்குது."

ஐந்தாவதும் போயிற்று. அந்த மிச்சச் சிரிப்பும் போயிற்று. அம்மா முந்தானை முனையைத் திருகிக்கொண்டிருந்தாள். தறியில் தப்பு இழை விட்டவர்களின் முகம்.

"அண்ணே, யாரும் எதுவும் வெக்கல. நான்தான். பழைய துணிக்குப் பாத்திரம் குடுக்கறவன் வந்தான். ஏழு சட்டைக்கு ஒரு இட்லிக் குண்டான் குடுத்தான். பெரிய சைஸு." என் பக்கம் திரும்பினாள். "கொரங்கு இல்லப்பா."

ஏழு வருஷ விசுவாசத்தில்தான் நாங்கள் தினமும் இட்லி அவித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நானும் நல்ல பஞ்சு மாதிரி இருக்கிறது என்று பாராட்டியிருக்கிறேன்.

"வாலாஜாபாத் சந்தையில பழைய துணிக்காரன்கிட்ட நான்தான் எடுத்தேன்" என்றாள் யமுனா, அடுக்களை நிலைப்படியில் நின்றுகொண்டு. "மயிலு வந்து கடலைய கிளறுது. பளிச்சுனு கலரு இருந்தா பக்கத்துல வராது. ரெண்டு மாசமா காலைல எழுந்ததும் அந்தப் பேரத்தான் பாத்துக்கினு இருக்கேன். ஜாதகம் வந்தப்போ அதே பேரு. இவரா இருந்தா எப்பிடி இருக்கும்னு அன்னைக்கே நெனச்சேன்." என்னைப் பார்த்தாள். வேட்டியில் சேறு, வயிற்றில் கோல் குத்திய வட்டம். சிரித்தாள். முடிந்த பிறகு அந்த மிச்சமும் வந்தது. "எனக்குச் சம்மதம்பா. மயிலு கிட்ட வராது."

கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். ஏகாம்பரம் மட்டும் சிரிக்கவில்லை. காபியைக் கீழே வைத்துவிட்டு, "சட்ட எத்தினின்னு சொன்னீங்க?" என்று அம்மாவைக் கேட்டார்.

"ஏழுண்ணே."

"நீ எத்தினிம்மா கட்டின?"

"ஏழுதாம்பா."

"இவரோட சேத்தா எட்டு" என்றார். "நான் ரெண்டு வாட்டி எண்ணினேன். ஒம்போது."

நானும் எண்ணியிருந்தேன், என்னைச் சேர்க்காமல் எட்டு.

வெயில் ஏறியதும் எல்லோரும் கொல்லைக்குப் போனோம். ஏழு பொம்மைகள் கரைக்கு முகம் காட்டி வரிசையாக நின்றன. தள்ளி ஒன்று நின்ற இடத்தில் கடலைச் செடி இருந்தது, பனித்துளி இருந்தது. கம்பு நட்ட குழி இல்லை. ஏகாம்பரம் அந்த இடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்த ஒரு பார்வைதான் எங்களை மாமனார் மருமகன் ஆக்கியது என்று நினைக்கிறேன். இரண்டு பேரும் வீட்டுக்குத் திரும்பினோம்.

அஸ்லமின் கார் முன்சக்கர இழுவைதான், ஸ்டிக்கர் பழைய சொந்தக்காரர் ஒட்டியது. அடுத்த வருஷமே எங்கள் அணி கார் கம்பெனியை உதறிவிட்டு ஒரு மெத்தைக் கம்பெனியின் பெயரை நெஞ்சில் போட்டுக்கொண்டது. மன்றத்தில் ஐந்து பேர் இப்போது பஞ்சின் அடர்த்தியைப் பற்றி விவாதிக்கிறார்கள். நான் விலகிவிட்டேன். ஆட்டம் மட்டும் பார்ப்பேன்.

கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகிறது. ஆட்டம் பார்க்க உட்கார்ந்தால் தொண்ணூறு நிமிஷம் அசைய மாட்டேன், கூப்பிட்டால் காதில் விழாது. அப்போதெல்லாம் யமுனா என் வயிற்றில் விரலால் ஒரு முறை அழுத்திப் பார்ப்பாள். பிறகு என் காதில் விழும்படியாகவே அவள் அப்பாவுக்குப் போன் போட்டுச் சொல்வாள்:

"அப்பா, அன்னைக்கு அவசரத்துல தப்பான ஆள இட்டுக்கினு வந்துட்டோம். அசல் மாப்ள இன்னும் கொல்லையிலதான் நிக்கறாரு."

வீடே சிரிக்கும், நானும் சிரிப்பேன். மாமனார் மட்டும் சிரிக்காமல், "இரும்மா, காலைல பனி வெலகினதும் எண்ணிப் பாத்துட்டு சொல்றேன்" என்பார்.